அப்பத்தாவின் புரட்டாசி

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டால் நம் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வீட்டைப் பற்றித்தான் எழுதுவார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்ப் பூச்சு. அதை விட்டால் சாப்பாடு. இரண்டும் எழுத வேண்டியவைதான். நானும் ஆசையாகப் படிப்பேன். ஆனால் அந்த வீடுகளுக்குள் பாட்டும் இருந்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருந்தும், நம் மலரில் அதைப் பற்றி நான் படித்த ஞாபகம் இல்லை. அதனால் இந்த முறை என் அப்பத்தாவின் புரட்டாசி மாதத்தை எழுதுகிறேன்.

நம் பள்ளியில் காலாண்டுப் பரீட்சை முடிந்து விடும் லீவும் நவராத்திரியும் அநேகமாக ஒட்டியே வரும். மெட்ராஸிலிருந்து சித்தப்பா பிள்ளைகள், தேவகோட்டையிலிருந்து அத்தை பிள்ளைகள் என்று எல்லோரும் காரைக்குடிக்கு வந்துவிடுவார்கள். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். பகலெல்லாம் வளவு வாசலில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், கால் வைக்க முடியாது. சில நாள் சாயங்காலம் வானம் கறுத்து ஒரு மழை கொட்டும்; தகரத் தூம்பிலிருந்து விழும் தண்ணீரைப் பிடிக்க அண்டாக்களை இழுத்துப் போடுவோம். இந்தக் காய்ச்சலுக்கும் மழைக்கும் நடுவில் கிடைக்கிற நல்ல நாளாகப் பார்த்து அப்பத்தா எங்களைக் கிளப்பிவிடுவார்.

ஏன் புரட்டாசி என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றியதில்லை. பிறகு யோசித்தால் புரிகிறது. வருஷத்தில் மற்ற மாதங்களெல்லாம் அவருடையவையாக இல்லை. பொங்கல், முன்னோருக்கான படைப்பு, பங்காளி வீட்டு விசேஷம், வைகாசியிலும் ஆவணியிலும் அடுத்தடுத்துக் கல்யாணம். கல்யாணத்துக்கு வேவு என்கிற சீர் இறக்குவதா, சாமான் பரப்புவதா, எதுவானாலும் ஆச்சியைக் கூப்பிடு என்பார்கள். புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. கவிச்சியும் கிடையாது, அடுப்படி வேலை பாதியாகிவிடும். அந்த மாதம்தான் அவருக்கென்று மிச்சமான மாதம். என் தாத்தா, நாங்கள் ஐயா என்போம், கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, பினாங்குக்குப் போய் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வந்துபோன காலத்தில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகவே வீட்டை நடத்தியவர். எங்கே போவது, எப்போது கிளம்புவது என்று யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்தது இந்த நாட்களில்தான். அந்த முடிவு எப்போதும் பாட்டிருக்கும் பக்கமாகவே போனது.

சனிக்கிழமை என்றால் அரியக்குடி. கிட்டத்தில்தான், நடந்தே போகலாம். ஆனாலும் ஓலைக் கொட்டான்களும் தூக்குச் சட்டிகளும் இருப்பதால் கூண்டு வண்டி கட்டுவோம். விடியுமுன்பே அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் ஆரம்பித்திருக்கும். முதல் நாளே உழக்கில் பச்சரிசியை விளிம்புவரை அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்துக்கொண்டே வருவார். சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அளவு. மாவை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றிவிட்டு மெல்லிய குரலில் ஒரு பாட்டை எடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு உத்தரவு: “பல்லவி முடிஞ்சதும் திருப்பிப் போடு ஆத்தா. அனுபல்லவிக்குப் போயிட்டா செவந்துரும்.” பணியாரம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். அந்த அடுப்பு முன்னால்தான் பல்லவி எங்கே முடிகிறது, அனுபல்லவி எங்கே குரலை மேலே ஏற்றுகிறது என்று நான் கற்றுக்கொண்டேன். பிற்பாடு நம் பாட்டு டீச்சர் அதே சொற்களைக் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு எண்ணெய் வாசனைதான் வந்தது.

அரியக்குடிப் பெருமாளைத் தென்திருப்பதிப் பெருமாள் என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூலைக் கருடனுக்குச் சிதறுகாய் உடைக்கிற சத்தம் ஓயாது. தரிசனம் முடிந்து, வெளியே நிழலாக ஓரிடம் பார்த்து உட்கார்ந்து, கொட்டானைப் பிரித்ததும் அப்பத்தா சொல்வது எங்களுக்கு மனப்பாடம்: “இந்த மண்ணுலதான் அவுக பிறந்தாக.”

அவர் சொன்னது கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை. 1890இல் இந்த ஊரில் பிறந்து, ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் பாட்டுப் படித்து, 1967இல் காலமானவர். இன்று சென்னை சபாவிலோ சிங்கப்பூரிலோ நாம் உட்கார்ந்து கேட்கிற கச்சேரி இருக்கிறதே, வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுவென்று சில கீர்த்தனைகள் பாடி, நடுவில் ஒரு ராகத்தை விஸ்தாரமாக எடுத்து, மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் வைத்து, பிறகு துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள் பாடி முடிப்பது. அந்த அமைப்பை நிலைபெறச் செய்தவர் அவர் என்பது இசை தெரிந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிற செய்தி. திருப்பாவை முப்பதுக்கும் ராகம் அமைத்து மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அப்பத்தா இதை எங்களுக்குச் சொன்ன விதம் வேறு. “நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வந்தா முகப்புலயே ரொம்ப நேரம் நிக்க வைப்போமா? வர்ணம் அதுதான், முகப்பு. அப்புறம் பட்டாலை, நாலு வார்த்தை பேசிக்கிட்டே நடந்து போயிடணும். வளவுக்கு வந்தாத்தான் உக்காரணும், வெளிச்சம் அங்கதானே மேலேருந்து விழுகுது. பெரிய ராகம் அங்க. அதுக்குப் பின்னாடி இரண்டாம் கட்டு, அடுப்படி, பேரன் பேத்தி, சிரிப்பு. பின்வாசல் வழியா வெளிய வரும்போது மனசு லேசா இருக்கணும்.” இதைவிடத் தெளிவாகக் கச்சேரி என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இன்றும் அரங்கில் உட்கார்ந்தால் எந்தக் கட்டில் இருக்கிறோம் என்றுதான் என் மனம் பார்க்கும்.

அவர் பாட்டு முறையாகப் படித்தவர் இல்லை. கேட்டது முழுக்கக் கல்யாண வீடுகளில். செட்டிநாட்டுக் கல்யாணங்களுக்குப் பெரிய வித்துவான்கள் வந்து நாயனம் வாசித்ததும் கச்சேரி செய்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். ஆண்கள் முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க, பெண்கள் வளவுப் பத்தியிலும் மாடி ஜன்னலிலும் இருந்து கேட்பார்கள். காரைக்குடி வீணைச் சகோதரர்கள் வாசித்ததை அப்படி மாடியிலிருந்து பார்த்ததாகச் சொல்வார். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையைத் தம்புராவைப் போல நிமிர்த்திப் பிடித்து வாசிப்பவர், தம்பி சாம்பசிவ ஐயர் மடியில் கிடத்தி வாசிப்பவர். மேலேயிருந்து பார்த்ததால் நிமிர்ந்த வீணையின் மெட்டுகளில் விரல் ஓடுவது தனக்குத்தான் நன்றாகத் தெரிந்தது, முன்வரிசை ஆண்களுக்குத் தெரிந்திருக்காது என்பதில் அவருக்குக் கடைசிவரை ஒரு சந்தோஷம். பெண்களை மாடியில் உட்கார வைத்த வழக்கத்தை நான் மெச்சவில்லை. ஆனால் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்கள் எவ்வளவு நுட்பமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

குன்றக்குடிக்கும் போவோம். படியேறும்போது திருப்புகழ். மூச்சு வாங்கினால் நின்று, தாளத்தை மட்டும் விரலில் விடாமல் போட்டு, மூச்சு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அருணகிரிநாதர் பாடிய மலை, இங்கே வாயை மூடிக்கொண்டு ஏறக் கூடாது என்பது அவர் சட்டம். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலின் ரேடியோவில் வந்தால் “நம்ம மலையடிவாரத்துப் பிள்ளை” என்று சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்வார். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்: காரைக்குடியை நடுவில் வைத்து, கூண்டு வண்டியில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள், அரியக்குடி, வீணைச் சகோதரர்கள், குன்னக்குடி, மிருதங்கத்தில் காரைக்குடி மணி. வட்டித்தொழிலும் வீடும்தான் செட்டிநாடு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது போகட்டும், நாமே அப்படி நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு வருஷம் வாடகைப் பிளசர் கார் ஒன்றைப் பிடித்து எல்லோரையும் குடுமியான்மலைக்கு அழைத்துப் போனார். போகிற வழியில் திருமயம், கோட்டையடியில் கட்டுச்சோறு. எனக்கு அந்தப் பயணத்தில் நன்றாக நினைவிருப்பது சிகாநாதர் கோவிலை ஒட்டிய பாறைதான். குடைவரைக்குப் பக்கத்தில் பாறை முகப்பைச் சமன்செய்து, பல்லவ கிரந்த எழுத்தில், ஏழாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில், சுரங்களை வரிவரியாக வெட்டியிருக்கிறார்கள். ஏழு பகுதிகள். மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்று நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். அது சரிதானா என்ற விவாதமும் உண்டு. வெட்டுவித்தவன் ருத்திராசாரியரின் சீடன் என்று கல்வெட்டே சொல்கிறது. கடைசியில் ஒரே ஒரு வரி தமிழில்: “எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய.”

அப்பத்தா பாறையைத் தொடவில்லை. ஒரு சாண் இடைவெளியில் விரலை வைத்து, ஒரு வரியை இடமிருந்து வலமாக நிதானமாகப் பின்தொடர்ந்தார். அவருக்குக் கிரந்தம் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கோவிலில் இருந்த ஒருவர் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சுரம் என்று விளக்கினார். “வெட்டினவன் காதுல கேட்டுட்டுத்தானே வெட்டியிருப்பான்? அப்ப யாரோ வாசிச்சிருக்காக” என்றார் அப்பத்தா. அவர் அப்படிச் சொன்னதும் என் சித்தப்பா மகன், எதற்கும் அசையாதவன், பாறையில் காதை வைத்துக் கேட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை.

வீட்டில் இருக்கும் நாட்களில் கிராமபோன். ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. கைப்பிடியைச் சுற்றுவது வயதில் மூத்த பிள்ளையின் உரிமை. தெலுங்குக் கீர்த்தனையும் இருக்கும், தேவாரமும் இருக்கும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழிசைச் சங்கம் தொடங்கியதை அவர் பெருமையாகச் சொல்வார். “புரியாம கேட்டா பாதிக் காதுதான் நிறையும்” என்பார். அதற்காகத் தியாகராஜ கீர்த்தனையை எடுத்து வைத்துவிடவும் மாட்டார்; பாதிக் காது நிறைந்தாலும் போதுமென்று சில சாயங்காலங்களில் அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். இரண்டையும் மனசார நேசித்த தலைமுறை அது.

என் வகுப்புக்காரர்களுக்கு இது நினைவிருக்கலாம். ஒரு வருஷம் பள்ளியில் சரஸ்வதி பூஜையன்று, நெட்டையாக, கண்டாங்கிச் சேலை கட்டிய ஓர் ஆச்சி வந்து சம்பந்தர் தேவாரம் பாடினார். அவர்தான். எனக்கு ராகம் யார் சொல்லித் தந்தது என்று பாட்டு டீச்சர் கேட்கப்போய், நான் அப்பத்தா என்று சொல்லப்போய், டீச்சரே வீட்டுக்கு வந்து அழைத்தார். பாடி முடித்ததும் கைதட்ட விடவில்லை. “தட்டுறதைத் தாளத்துல தட்டுங்க” என்று சொல்லி, சுண்டு விரலிலிருந்து எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஆதி தாளத்தை அன்றைக்குப் பிடித்துக்கொண்டவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

விஜயதசமியன்று மகர்நோன்புப் பொட்டல். குதிரை வாகனத்தில் சாமி வந்து அம்பு போடுவதைப் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போய்விடும். அன்று ராத்திரி கடைக்குட்டியைத் தூங்க வைக்க அவர் பாடுவது தாலாட்டு. எங்கள் வீட்டுத் தாலாட்டில் எங்கள் அம்மான்மார் பெயரும், அவர்கள் போன சீமைகளும், கொண்டுவந்த சாமான்களும் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் அது வேறு. பிறக்கிற பிள்ளைக்கு ஏற்றபடி பாடுகிறவரே கோத்துக்கொள்வது. கிராமபோன் தட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, கல்வெட்டும் இருக்கிறது. இந்தத் தாலாட்டுகள் மட்டும் எந்தத் தட்டிலும் இல்லை. அப்பத்தா பாடியதில் சுமார் பாதிதான் என்னிடம் இருக்கிறது. மீதியை அத்தை பெண் தேவகோட்டையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே சிங்கப்பூரில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலில் நவராத்திரிக் கச்சேரி கேட்டுவிட்டு வரும்போது சங்கத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒன்று பேசி வைத்திருக்கிறோம். அடுத்த புரட்டாசியில் ஊருக்குப் போய், ஒரு வேன் பிடித்து, சனிக்கிழமை அரியக்குடி, மறுநாள் திருமயம் வழியாகக் குடுமியான்மலை. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வருகிறவர்கள் ஆடி முடிவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டால் டிக்கெட் போட வசதியாக இருக்கும். பணியாரம் நான் சுட்டுத் தருகிறேன். உங்கள் வீட்டுத் தாலாட்டு எத்தனை வரி ஞாபகம் இருக்கிறதோ அத்தனையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அரைகுறையாக இருந்தாலும் சரி, போகிற வழியில் உட்கார்ந்து சேர்த்துக்கொள்ளலாம்.