பதினைந்து, பதினாறு, பதினேழு

2024 பெப்ரவரி 14, புதன்

அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்படுவதை எதிர்த்து லண்டன் சிறையிலிருந்து வழக்காடும், விக்கிலீக்ஸ் என்ற இரகசிய ஆவண இணையத்தளத்தின் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சேயை விடுவிக்கக் கோரும் தீர்மானம் அவுஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் 86க்கு 42 என்ற வாக்குகளால் நிறைவேறியிருக்கிறது. பிரதமர் அல்பனீசியும் ஆதரித்து வாக்களித்திருக்கிறார். அண்ணையிடம் தொலைபேசியில் சொன்னேன். "தீர்மானம் போடுறதுக்கென்ன, காசா பணமா?" என்றார்.

பெப்ரவரி 20, செவ்வாய்

அவருடைய மனு விசாரணைக்காக லண்டன் ஸ்ட்ராண்ட் வீதிக்குப் போயிருந்தேன். மேல் நீதிமன்றத்தின் இரும்பு வேலியில் மஞ்சள் நாடாக்களைக் கட்டியிருந்தார்கள். உள்ளே இடம் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு நான் போகவில்லை. அசாஞ்சே உடல்நலம் சரியில்லாததால் வரவில்லை என்றும், சிறையிலிருந்து காணொளி வழியாகக்கூட அவர் இணையவில்லை என்றும் வாசலில் நின்றவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் இவர் எதைத் திருடினார் என்று என்னிடம் கேட்டார். திருடியதாகக் குற்றச்சாட்டு இல்லை என்று சொல்லத் தொடங்கி, நெடுநேரம் பேசிவிட்டேன். குற்றச்சாட்டுகள் மொத்தம் 18. அவற்றில் 17 அமெரிக்காவின் 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஒவ்வொன்றுக்கும் உச்சத் தண்டனை பத்து ஆண்டுகள். கணினியில் ஊடுருவச் சதி செய்தார் என்ற பதினெட்டாவதற்கு ஐந்து ஆண்டுகள். கூட்டினால் 175 ஆண்டுகள் வரும். பெரும்பாலானவை அமெரிக்க இராணுவத்தில் இருந்த செல்சி மானிங்கிடம் ஆவணங்களைக் கேட்டதையும் பெற்றதையும் பற்றியவை. ஆனால் பதினைந்தாவது, பதினாறாவது, பதினேழாவது குற்றச்சாட்டுகளில் கேட்டதும் இல்லை, பெற்றதும் இல்லை. வெளியிட்டது மட்டுமே இருக்கிறது. ஆவணம் கையில் இருந்தது, அதை உலகத்துக்குக் காட்டினார், அது குற்றம் என்கின்றன அந்த மூன்றும். ஒரு பத்திரிகையின் ஆசிரியர்பீடம் நாள்தோறும் செய்கின்ற வேலையையும் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் கோடு எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

1942இல் மிட்வே கடற்சமர் பற்றிய செய்திக்காகச் சிக்காகோ டிரிபியூனை இதே சட்டத்தில் மாட்ட ரூஸ்வெல்ட்டின் அரசு முயன்றபோது, பெரும் நடுவர் குழு குற்றம் சுமத்த மறுத்துவிட்டது. ஒபாமா காலத்தில், தகவல் கொடுத்தவர்கள் மீது அதற்கு முந்திய அரசுகள் எல்லாம் சேர்ந்து தொடுத்ததைவிட அதிகமான வழக்குகள் தொடுக்கப்பட்டன. அந்த நிர்வாகமே, அசாஞ்சேயைப் பிடித்தால் நியூயோர்க் டைம்ஸையும் பிடிக்க வேண்டிவரும் என்று பின்வாங்கியது. 2019 மே மாதத்தில் டிரம்ப் அரசு இந்த உளவுச் சட்டக் குற்றச்சாட்டுகளைச் சுமத்தியபோது அந்தத் தயக்கம் போய்விட்டது. பைடன் அரசும் வழக்கை மீளப்பெறவில்லை.

பெப்ரவரி 21, புதன்

இன்று அமெரிக்கத் தரப்பு வாதிட்டது. தகவல் கொடுத்தவர்களின் பெயர்களை மறைக்காமல் வெளியிட்டார் என்பதுதான் வாதம். பெயர்கள், பெயர்கள், மறுபடியும் பெயர்கள்.

பெப்ரவரி 23, வெள்ளி

அந்தப் பெயர்களை நினைத்துக்கொண்டு இரவு நித்திரை வரவில்லை.

மற்றவர்களைப் போல இதை எளிதாகத் தள்ளிவிட என்னால் முடியாது. நான் ஒப்புநோக்குநராக இருந்த மேசையில் பெயரை வெட்டுவது மட்டும் போதுமானதாக இருந்ததில்லை. சுற்றிவளைப்பு ஒன்றைப் பற்றிச் சாட்சி சொன்னவரின் பெயரைச் செய்தியாளர் தவிர்த்திருப்பார். ஆனால் "கோயிலடி முடக்கில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர்" என்று அடுத்த வரியிலேயே எழுதியிருப்பார். முகாமில் இருப்பவனுக்கு அது போதும். கடையையும் முடக்கையும் சேர்த்துச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, "அப்பகுதிவாசி ஒருவர்" என்று மேலே எழுதுவேன். ஆகவே 2011 செப்டெம்பரில் விக்கிலீக்ஸ் 2,51,287 அமெரிக்கத் தூதரகத் தந்திகளையும் பெயர்களை மறைக்காமல் அப்படியே வெளியிட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அதுவரை அதனுடன் சேர்ந்து வேலை செய்த ஐந்து பத்திரிகைகளும் அன்று அதைக் கண்டித்தன. அவை கண்டித்தது சரி.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் அதற்கு முன்பே பத்திரிகையாளர்களின் நூலொன்றில் அச்சாகியிருந்தது. கிரிப்டோம் என்ற அமெரிக்க இணையத்தளம் முழுத் தந்திகளையும் விக்கிலீக்ஸுக்கு முன்னரே வெளியிட்டது. அதன் மீது இன்றுவரை வழக்கு இல்லை. மானிங்கின் இராணுவ நீதிமன்றத்தில், இந்த வெளியீட்டால் ஏற்பட்ட பாதிப்பை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜெனரலே, இதனால் கொல்லப்பட்ட ஒருவரைக்கூடத் தாங்கள் அடையாளம் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கவனயீனமான ஆசிரியர் என்று ஒருவரை நான் திட்டலாம். கவனயீனத்துக்கு 30 ஆண்டுகள் என்றால், கவனமான ஆசிரியரும் நாளை அதே சட்டத்துக்குக் கீழேதான் நிற்பார். பதினைந்து, பதினாறு, பதினேழு.

பெப்ரவரி 24, சனி

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது ஒன்று. கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதர் பட்ரீசியா புட்டெனிஸ் 2010 ஜனவரி 15ஆம் திகதி அனுப்பிய தந்தி அந்த இரண்டரை இலட்சத்தில் ஒன்று. போர்க்குற்றங்கள் பலவற்றுக்கான பொறுப்பு ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, அவருடைய சகோதரர்கள், எதிர்க்கட்சி வேட்பாளராக நின்ற சரத் பொன்சேகா உட்பட நாட்டின் உயர் தலைமையிடமே இருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். வெளியே மென்று விழுங்கிப் பேசிய ஒரு வல்லரசு உள்ளே என்ன நினைத்தது என்பதை அந்த ஆண்டு டிசெம்பரில் தெரிந்துகொண்டோம். தூதருடன் பேசிய தமிழ் அரசியல்வாதிகளைப் பற்றியும் அதே தந்தியில் இருந்தது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு ஓராண்டுகூட ஆகாத காலத்துப் பேச்சு அது.

இரண்டும் ஒரே கடிதத்தில் இருந்தன. எதைப் பிரித்து எதை வைப்பது?

மார்ச் 26, செவ்வாய்

தீர்ப்பு 66 பக்கங்கள். நூலகத்தில் அச்செடுத்து, பழைய பழக்கத்தில் பென்சிலோடு இருந்து வாசித்தேன். அரசியல் குற்றத்துக்காக நாடு கடத்தக்கூடாது என்ற வாதத்தை நீதியரசர் விக்டோரியா ஷார்ப்பும் நீதியரசர் ஜெரமி ஜோன்சனும் ஏற்கவில்லை. அசாஞ்சேயைக் கடத்திச் செல்ல சி.ஐ.ஏ. திட்டமிட்டது என்ற புதிய சான்றையும் சேர்க்கவிடவில்லை. மூன்று விடயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன: அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் தரும் கருத்துச் சுதந்திரத்தை அவர் கோரலாமா, வெளிநாட்டவர் என்பதால் அவருக்குப் பாரபட்சம் காட்டப்படுமா, மரண தண்டனை விதிக்கப்படுமா. இவற்றுக்கு உறுதிமொழி கொடுங்கள் என்று வாஷிங்டனுக்கு மூன்று வாரம் தவணை.

குற்றம் சாட்டும் அரசிடமே உத்தரவாதம் கேட்டு வாங்குகிறார்கள். வெளிநாட்டவருக்கு முதலாவது திருத்தம் பொருந்தாது என்று தாங்கள் வாதிடக்கூடும் என அமெரிக்க அரச வழக்குரைஞர் கோர்டன் குரோம்பெர்க் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். அவுஸ்திரேலியர் ஒருவர் ஐரோப்பாவில் இருந்துகொண்டு வெளியிட்டதற்கு அமெரிக்காவின் சட்டம் பொருந்துமாம், அமெரிக்காவின் உரிமை பொருந்தாதாம்.

ஏப்ரல் 10, புதன்

வழக்கைக் கைவிடும்படி அவுஸ்திரேலியா கேட்டதற்கு, "பரிசீலிக்கிறோம்" என்று பைடன் சொன்னாராம்.

ஏப்ரல் 11, வியாழன்

தஞ்சமடைந்திருந்த லண்டன் எக்குவடோர் தூதரகத்திலிருந்து அசாஞ்சேயை இழுத்துக்கொண்டு போய் இன்றோடு ஐந்து ஆண்டுகள். எல்லாரும் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு இன்று மானிங்கைப் பற்றி எழுத வேண்டும் போலிருக்கிறது.

2007 ஜூலை 12ஆம் திகதி பக்தாத்தில் அமெரிக்க ஹெலிகொப்டர் ஒன்று சுட்டுக் கொன்றவர்களில் ரொய்ட்டர்ஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர் நமீர் நூர் எல்தீனும் சாரதி சயீத் சமாக்கும் இருந்தார்கள். அந்தக் காணொளியைத் தரும்படி ரொய்ட்டர்ஸ் சட்டப்படி கேட்டும் கிடைக்கவில்லை. உலகம் அதைப் பார்த்தது 2010 ஏப்ரலில், மானிங்கால். அவருக்கு 35 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்த பிறகு ஒபாமா தண்டனையைக் குறைத்ததால் வெளியே வந்தார். அசாஞ்சேக்கு எதிராகப் பெரும் நடுவர் குழு முன் சாட்சி சொல்ல மறுத்ததற்காக 2019இல் மறுபடியும் உள்ளே போனார்; 2,56,000 டொலர் அபராதமும் ஏறியது. சுட்டவர்கள் மீது வழக்கு இல்லை.

"வெளியிடுவது குற்றமல்ல" என்று நியூயோர்க் டைம்ஸ், கார்டியன், லு மொந்த், டெர் ஸ்பீகல், எல் பாயிஸ் ஆகிய ஐந்தும் 2022 நவம்பரில் திறந்த கடிதம் எழுதின. நல்லது. கொடுப்பது குற்றமா என்ற கேள்வியை அந்தத் தலைப்பு தொடவில்லை. கொடுத்தவர் இல்லாமல் வெளியிட்டவர் எங்கிருந்து வருவார்? ட்ரோன் தாக்குதல்களைப் பற்றிய ஆவணங்களைக் கொடுத்த டானியல் ஹேலுக்கு 45 மாதங்கள். ஒரேயொரு அறிக்கையை அனுப்பிய ரியாலிட்டி வின்னருக்கு 63 மாதங்கள். இவர்களுக்காக ஸ்ட்ராண்டில் எவரும் நாடா கட்டவில்லை.

இந்தச் சட்டத்தில் இருக்கும் பெரிய கொடுமை ஆண்டுக்கணக்கு அல்ல. ஏன் செய்தாய் என்பதை நடுவர்களுக்குச் சொல்ல அது விடுவதில்லை. வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களைக் கொடுத்த டானியல் எல்ஸ்பெர்க்கிடம், அவற்றை ஏன் பிரதி எடுத்தீர்கள் என்று அவருடைய சட்டத்தரணியே கேட்டார்; எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது; நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றார். கேள்வி அப்படியே நின்றது. 115 ஆண்டுகளை எதிர்நோக்கியிருந்த எல்ஸ்பெர்க் 1973இல் தப்பியதற்குக் காரணம் அவருடைய நியாயமல்ல. நிக்சனின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தது வெளியே வந்ததால் வழக்கே தள்ளுபடியாயிற்று.

ஏப்ரல் 16, செவ்வாய்

உறுதிமொழி வந்துவிட்டது. முதலாவது திருத்தத்தை அவர் எழுப்பலாமாம், அதை நம்பியிருக்க முயலலாமாம். பொருந்துமா என்பதை அமெரிக்க நீதிமன்றமே தீர்மானிக்குமாம். கதவைத் தட்டலாம், திறப்போம் என்று சொல்லவில்லை.

மே 3, வெள்ளி

பத்திரிகைச் சுதந்திர நாள். வருடம் தவறாமல் இன்று இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளர் திசைநாயகத்தின் ஞாபகம் வரும். 2006இல் ஒரு சிறு ஆங்கில மாத இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக 2008 மார்ச்சில் அவரைப் பிடித்தார்கள். அச்சக உரிமையாளரையும் அவருடைய மனைவியையும் பிடித்தார்கள். இதழை நடத்தப் பணம் சேர்த்ததும் பயங்கரவாதத்துக்கு நிதி சேர்த்ததாக ஆயிற்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 ஆண்டுகள் கடூழியச் சிறைத்தண்டனை. பிறகு 2010இல், இதே மே 3ஆம் திகதி, ஜனாதிபதி மன்னிப்பு அளிப்பதாக அறிவித்தார்கள்.

விடுதலை என்று நாங்கள் மகிழ்ந்தோம். மன்னிப்பு என்றால் குற்றம் அப்படியே இருக்கிறது என்று அண்ணை ஒருவர்தான் அன்று சொன்னார்.

மே 14, செவ்வாய்

கன்பராவில் டேவிட் மெக்பிரைடுக்கு ஐந்து ஆண்டுகளும் எட்டு மாதங்களும். 27 மாதங்கள் கழியும் வரை நிபந்தனை விடுதலையில் (பரோல்) வர முடியாது. அவர் இராணுவச் சட்டத்தரணி. ஆப்கானிஸ்தானில் அவுஸ்திரேலியச் சிறப்புப் படை செய்தவை பற்றிய ஆவணங்களை ஏ.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் கொடுத்தவர். அதை வெளியிட்டதற்காக அந்த நிறுவனத்தின் சிட்னி அலுவலகத்துக்குள் 2019 ஜூனில் பொலிஸ் புகுந்தது. சட்டவிரோதமாக 39 பேர் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாக 2020இல் அவுஸ்திரேலிய இராணுவத்தின் பிரெரெட்டன் விசாரணையே அறிக்கை தந்தது. பொதுநலத்துக்காகச் செய்தது தன் கடமை என்ற வாதத்தை நடுவர்கள் முன் வைக்க விடமாட்டோம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அசாஞ்சேயை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று 86 கைகள் உயர்ந்த அதே நகரம்.

மே 20, திங்கள்

மேன்முறையீட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது! அண்ணை அழுதார். நான் தேநீரைக்கூடக் குடிக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

அசாஞ்சே பெல்மார்ஷ் சிறையிலிருந்து நேற்றுக் காலையே வெளியே வந்துவிட்டார். ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து விமானமும் ஏறிவிட்டார். நாங்கள் இன்று எழும்பும்போது அவர் பாங்கொக்கை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார். ஒரேயொரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறாராம். தொலைபேசி ஓயவில்லை. என்னால் மகிழாமலும் இருக்க முடியவில்லை, மகிழவும் முடியவில்லை.

ஜூன் 26, புதன்

பசிபிக் கடலில் சைப்பன் தீவு. நீதிபதி ரமோனா மங்லோனா. தேசப் பாதுகாப்புத் தகவல்களைப் பெறவும் வெளியிடவும் சதி செய்ததாக ஒரு குற்றம். 62 மாதங்கள், ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தோடு சரி. பத்திரிகையாளனாக வேலை செய்தபோது வெளியிடுவதற்காகத் தகவல் தரும்படி தூண்டினேன், முதலாவது திருத்தம் அதைக் காக்கும் என்று நம்பினேன், ஆனால் இந்த நிலையில் அப்படியொரு வழக்கை வெல்வது கடினம் என்று ஏற்கிறேன் என்ற பொருள்பட அவர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். வெளியிடாத ஆவணங்களை அழிக்கச் செய்வதும் உடன்பாட்டில் ஒரு நிபந்தனை. தனிப்பட்ட முறையில் பாதிக்கப்பட்டவர் எவரும் இந்த வழக்கில் இல்லை என்பது அங்கேயும் பதிவாயிற்று. அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் இத்தனை ஆண்டுகள் வாதிட்டார்கள்.

பதினைந்து, பதினாறு, பதினேழு ஆகியவை கைவிடப்பட்டுவிட்டன. அவை சரியா பிழையா என்று ஒரு நீதிமன்றமும் சொல்லவில்லை. இனி சொல்லவும் போவதில்லை. எவரும் எப்போதும் திரும்ப எடுக்கலாம். இரகசிய ஆவணங்களைப் பெற்று வெளியிட்டதற்காக, ஒரு வெளியீட்டாளர் இந்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளி என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அறைக்குள் இருந்தவர் அவர், நான் அல்ல. அண்ணை 2010இல் சொன்னதை இன்று மறுபடி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

முற்பகலில் விமானம் கன்பராவில் இறங்கியது. அந்த நகரத்துச் சிறையில்தான் மெக்பிரைடு இருக்கிறார்.

ஜூன் 29, சனி

ஜூலை 9, 10 என்று நாட்காட்டியில் வட்டம் போட்டிருந்தேன்; மேன்முறையீட்டு விசாரணை இனி இல்லை. மெக்பிரைடின் சட்டத்தரணிகள் மேன்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்டனைத் தீர்ப்பை அச்செடுக்க வேண்டும்.