'லீன் ஆன்': சத்தம் போடாத நெருக்கடி

லண்டனில் புதிதாக வாடகைக்குக் குடியேறும் நம்மவர்கள் 'லீன் ஆன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சாய்ந்து நிற்பது, ஒருவரை நம்பி இருப்பது ஆகிய இரண்டு பொருள்களும் ஊரிலேயே படித்தவைதான். மூன்றாவது பொருளை எனக்குக் காட்டியவர் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருந்த வீட்டின் உரிமையாளர்.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "மாதக் கடைசிக்குள் காலி செய்தால் எல்லோருக்கும் நல்லது" என்பார். திடீரென்று வந்து கதவைத் திறந்துகொண்டு ஹாலில் நிற்பார். "அடுத்த வீடு பார்க்கும்போது உங்களைப் பற்றி என்னிடம்தானே விசாரிப்பார்கள்?" என்று சிரித்த முகத்தோடே கேட்பார். இதில் எதைப் புகாராகச் சொல்வது என்றே புரியவில்லை. வேலையிடத்தில் ஒரு தோழியிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஹீ இஸ் லீனிங் ஆன் யூ" என்றாள். அப்போதுதான் நடப்பது என்னவென்று எனக்குத் தெளிவானது.

பிடி கையில் இருப்பவர், மிரட்டலை வாய்விட்டுச் சொல்லாமல், ஒரு காரியத்தைச் செய்யவைக்க நெருக்குவதுதான் இது. 'தே லீன்ட் ஆன் ஹிம் டு ரிசைன்' என்றால், ராஜினாமா செய்யச் சொல்லி அவரை நெருக்கினார்கள் என்று பொருள். 'புஷ் அரவுண்ட்' வேறு: ஆளை மதிக்காமல் இஷ்டத்துக்கு ஏவுவது. 'லீன் ஆன்' பெரும்பாலும் ஏதோ ஒன்றைக் குறிவைத்து நடக்கும்.

ஆனால் இது பேச்சு வழக்கு. கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி அலுவலகத்துக்கு, எழுதும்போது 'ஹராஸ்மென்ட்' என்றே எழுதுங்கள், சட்டத்தில் எடை உள்ள சொல் அதுதான். வாடகைக்கு இருப்பவரை இப்படித் தொந்தரவு செய்து வெளியேற்றப் பார்ப்பது இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழுது பார்க்க வருவதானால்கூட, அவசரம் இல்லாதபோது, 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் நான் குறித்து வைத்துக் கவுன்சிலில் கொடுத்தேன். அவர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள். அப்புறம் அந்தத் திடீர் வருகைகள் நின்றன.

உரிமையாளர் குடும்பத்தோடு ஒரே வீட்டில் அறை எடுத்து இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. நம்மில் பலர் முதலில் தங்குவது அப்படித்தான், அதுவும் தமிழர் வீடுகளில். "தம்பி, ஊரிலிருந்து சொந்தக்காரர் வருகிறார்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதும் 'லீன் ஆன்'தான். அன்பாகச் சொல்வதால் அது நெருக்கடி இல்லை என்று ஆகிவிடாது. அந்த நிலையில் இருப்பவர்கள் பெட்டியைக் கட்டும் முன் ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற உதவி அமைப்புகளில் கேளுங்கள். ஆலோசனைக்குக் காசு கிடையாது.