நெட் புவியியல் தேர்வு: மானிடப் புவியியல் கருத்துகளையும் நிலவரைபட முறைகளையும் நான் படித்த விதம்

இளங்கலையும் முதுகலையும் தமிழ் வழியில் புவியியல் படித்துவிட்டு கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி தரும் யுஜிசி நெட் தேர்வை எழுதிய எனக்கு, முதல் முயற்சியில் மதிப்பெண் குறைந்தது புவிப்புறவியலிலோ காலநிலையியலிலோ அன்று. எளிதென்று எண்ணிக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்திருந்த மானிடப் புவியியல் அடிப்படைகளிலும் நிலவரைபட நுட்பங்களிலும்தான் தவறினேன். வரையறைகள் அனைத்தும் மனப்பாடமாக இருந்தும், ஒரு சூழலைக் கொடுத்து அதற்குப் பொருந்தும் கருத்து எது, அதைக் காட்ட ஏற்ற நிலவரைபடம் எது என்று கேட்டபோது தடுமாறினேன். இரண்டாம் முறை படித்தபோது, ஒவ்வொரு கருத்தையும் எனக்குத் தெரிந்த ஊரில் வைத்துப் பார்த்து, முடிந்தவற்றை நானே வரைந்தேன். தகுதி பெற்றது அந்தப் பயிற்சியால்தான் என்று நம்புகிறேன்.

என் ஊர் ஈரோடு. காவிரிக் கரையில் அமைந்த நிலம், அதன் மேடு பள்ளம், நீர் வசதி ஆகியவை ஊரின் அமைவிடத்தைச் சொல்கின்றன. சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே, திருச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதை பிரிகிற சந்திப்பாக அது இருப்பது பிற ஊர்களோடு அதற்குள்ள உறவைச் சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் குடியிருப்புப் புவியியலில் பாதிக் குழப்பம் நீங்கிவிடும். வட்டாரம் என்ற கருத்தையும் இவ்வாறே புரிந்துகொண்டேன். நெல் சாகுபடியால் ஒருமைத்தன்மை பெற்ற வட்டாரம் காவிரி டெல்டா. ஈரோட்டு மஞ்சள் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் ஊர்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு செயல்பாட்டு வட்டாரம். நிர்வாக எல்லை எதுவும் இல்லாமலே மக்கள் மனத்தில் வாழ்கிற வட்டாரம் கொங்கு நாடு.

அளவை என்ற சொல்லில் மிகுந்த கவனம் தேவை. 1:50,000 அளவையிலுள்ள டோப்போ ஷீட்டில் (மேடு பள்ளம், ஆறு, சாலை, ஊர்களைக் காட்டும் நிலவரைபடத் தாளில்) 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். 1:10,00,000 நிலவரைபடத்தில் 1 சென்டிமீட்டரே 10 கிலோமீட்டர். முன்னதே பெரிய அளவை நிலவரைபடம், ஏனெனில் பின்னமாகப் பார்த்தால் அதுவே பெரிய எண். ஆனால் அது காட்டும் பரப்பு சிறியது. மானிடப் புவியியலிலோ, உள்ளூரிலிருந்து நாடு, உலகம் என்று விரியும்போது அளவை பெரிதாகிறது என்கிறோம். ஒரே சொல் இரு பாடங்களில் எதிரெதிர்த் திசையில் செல்வதால், வினா எந்தப் பொருளில் கேட்கிறது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். நான் இதிலேயே இரண்டு வினாக்களை இழந்தேன்.

அடுத்தது, எண்ணிக்கையா விகிதமா என்ற கேள்வி. மக்கள்தொகை எண்ணிக்கையைக் கோரோபிளெத் முறையில், அதாவது ஒவ்வொரு மாவட்டத்தையும் அதன் மதிப்புக்கேற்ற நிறத்தால் நிரப்பும் முறையில், நிறமிட்டால், பரப்பில் பெரிய மாவட்டம் தகுதியின்றியே கண்ணைக் கவரும். எண்ணிக்கைக்குப் புள்ளிகளும் விகிதாசார வட்டங்களும், அடர்த்திக்கும் விழுக்காட்டுக்கும் கோரோபிளெத்தும் உரியவை. 2011 கணக்கெடுப்பின்படி ஈரோடு மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 22.5 லட்சம். ஒரு புள்ளிக்கு 10,000 பேர் என்று கொண்டு 225 புள்ளிகளை மாவட்டம் முழுவதும் சீராகத் தூவி, சரியாக வரைந்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் அத்தனை மக்கள் எங்கே இருக்கிறார்கள்? புள்ளிகளை வயல்களுக்கும் நகரங்களுக்கும் நகர்த்தி மீண்டும் வரைந்தபோதுதான், மொத்தப் பரப்பால் வகுக்கும் அடர்த்தியையும் சாகுபடி நிலத்தால் மட்டும் வகுக்கும் அடர்த்தியையும் ஏன் தனித்தனியே கணக்கிடுகிறார்கள் என்பது விளங்கியது.

வகுப்பு இடைவெளிகளை, அதாவது எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்பு வரை ஒரே நிறம் என்ற பிரிவுகளை, நினைவில் நிறுத்த 2011 சென்னை மாவட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அதன் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26,500. அடுத்த நிலையிலுள்ள கன்னியாகுமரிக்கு 1,100 அளவே. ஐந்து சம இடைவெளிகளாகப் பிரித்தால் மற்ற 31 மாவட்டங்களும் ஒரே நிறத்தில் அடங்கிவிடும். வகுப்புக்கு இத்தனை மாவட்டங்கள் என்று சமமாகப் பங்கிட்டால் வேறுபாடுகள் தெரியும். ஆனால் சென்னையும் கன்னியாகுமரியும் ஒரே நிறம் பெறும். 2018-இல் சென்னை மாவட்டம் சுமார் 175-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அதே 2011 மக்கள்தொகையைப் புதிய எல்லைக்குள் கணக்கிட்டால் அடர்த்தி 16,000-ஐ ஒட்டி இறங்குகிறது. ஒருவரும் வீடு மாறவில்லை, எல்லைதான் மாறியது. பரப்பு அலகுகளை மாற்றினால் முடிவும் மாறும் என்ற சிக்கலை இதைவிடத் தெளிவாக எந்தக் குறிப்பேடும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இவற்றையெல்லாம் க்யூஜிஐஎஸ் என்ற இலவச நிலவரைபட மென்பொருளில் செய்து பார்த்தேன். கணக்கெடுப்பு அட்டவணையை எல்லைக் கோப்போடு இணைக்கும்போது மாவட்டப் பெயரை நம்ப வேண்டாம். தூத்துக்குடியின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மாவட்டம் வெற்றிடமாக நிற்கும். மாவட்டக் குறியீட்டு எண்ணைக் கொண்டு இணைப்பதே பாதுகாப்பானது. 2011 தரவுக்கு 32 மாவட்ட எல்லைக் கோப்பையே எடுக்க வேண்டும், இன்றைய 38 மாவட்டக் கோப்பு பொருந்தாது.

வான் தூனன் 1826, ரேவன்ஸ்டைன் 1885, வெபர் 1909, கிறிஸ்டாலர் 1933 போன்ற, கோட்பாடு தந்த அறிஞரின் பெயர், அது வெளிவந்த ஆண்டு ஆகிய இணைகளுக்கு ஒரு பக்க அட்டவணை போதும். நாள்தோறும் பத்து நிமிடம் பார்த்தால் பதிந்துவிடும். வினாத்தாள் தமிழில் இராது என்பதால், தமிழ் வழியில் படித்தவர்கள் ஒவ்வொரு ஆங்கிலக் கலைச்சொல்லுக்கும் எதிரே தமிழ் விளக்கத்தையும் தம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொதுத் தாள், புவியியல் தாள் ஆகிய இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், 150 வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. நான் புவியியலின் 100 வினாக்களை முதலில் முடித்தேன். நிலவரைபட வினாக்களில் மட்டும் விடைகளைப் பார்ப்பதற்கு முன், கேட்கப்படுவது எண்ணிக்கையா விகிதமா என்று வெற்றுத்தாளில் குறித்துக்கொண்டேன்.