165, 160, 148, 162

“ஏனுங்கண்ணா, நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் சமமா இருக்குதுங்களா?” என்று பழைய வண்டி வாங்கவிருந்த ஒருவர் தொலைபேசியில் கேட்டார். “இருக்குதுங்க” என்றேன். பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைத்தான் கம்ப்ரஷன் என்கிறோம். என் பதில் பொய்யில்லை. இன்று யார் வந்து கேட்டாலும், வண்டிக்குச் செய்த வேலையை எழுதிய ஜாப் கார்டை எடுத்துக் காட்டுவேன். இருந்தும் வால்வு கவரைக் கழற்றும்போதெல்லாம் அந்தப் பேச்சு மனதில் ஒருமுறை ஓடிவிடுகிறது.

வண்டி, கேஸ் கிட் பொருத்தி வாடகைக்கு ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஐடிலிங்கில் நடுக்கம், ஏற்றத்தில் பிக்கப் இல்லை என்று உரிமையாளர் கொண்டுவந்து விட்டார். பல ஆண்டுகளாக எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே வண்டி விடுபவர். அதற்கு முன் வேறோர் இடத்தில் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் மாற்றிப் பார்த்திருந்தார்கள்; ஒரு சிலிண்டர் சரியாக எரியாத அந்த மிஸ்ஸிங் நிற்கவில்லை.

பிளக் துளையில் அழுத்தம் காட்டும் கேஜைத் திருகிச் செல்ஃப் அடித்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் முடிந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலிலேயே உண்டு. என்ஜின் சூடாக இருக்க வேண்டும்; நான்கு பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும்; எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்திருக்க வேண்டும்; பேட்டரி சோர்ந்திருந்தால் கடைசியாகப் பார்க்கும் சிலிண்டர் ஒரு பாவமும் அறியாமல் குறைவாகக் காட்டும். முள் கடைசியில் எங்கே நிற்கிறது என்பதைப் போலவே பிஸ்டனின் முதல் அடியில் எவ்வளவு ஏறுகிறது என்பதும் முக்கியம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த சிலிண்டரில் முதல் அடியில் குறைவாக ஏறி, அடுத்தடுத்த அடிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். வால்வு ஒழுகினால் முதல் அடியிலும் குறைவாக இருக்கும், கடைசி வரை பெரிதாகத் தேறவும் தேறாது.

மற்ற மூன்றும் 160 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்க, மூன்றாவது சிலிண்டர் மட்டும் முதலிலிருந்தே சுணங்கி 110இல் நின்றுவிட்டது. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டுப் பார்த்தேன், 115. ரிங்கில் குறை இருந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து அளவு நன்றாகவே ஏறியிருக்கும். பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் திடமாக இருந்ததால், இரு சிலிண்டர்களுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள தகடு) போயிருக்கும் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. மிச்சம் வால்வு. கேஸ் வண்டி என்பதால் அதில் எனக்கு வியப்பும் இல்லை.

கேஸில் ஓடும் என்ஜினில் எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் மெல்ல மெல்லத் தேயும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலேறும். மேலேறிய தண்டு, தனக்கும் தன்னை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே உள்ள டேப்பட் இடைவெளியைத் தின்னும். இடைவெளி முழுவதும் தீர்ந்துபோனால் ராக்கர் ஆர்ம் வால்வை முழுதாக மூடவிடாது. வால்வின் சூட்டில் பெரும்பகுதி, அது மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. மூட முடியாத வால்வுக்கு அந்த வழி அடைபட்டு, இடுக்கில் சீறும் எரியும் வாயு விளிம்பைக் கருக்கத் தொடங்குகிறது. இதில் கொடுமை என்னவென்றால், இடைவெளி குறையும் டேப்பட் சத்தமே போடாது. இவ்வளவு ஓடியும் என்ஜின் எவ்வளவு அமைதி பாருங்கள் என்று உரிமையாளர் பெருமைப்படும் வண்டிகளில் சிலவற்றை நான் சற்றுக் கலக்கத்தோடுதான் பார்ப்பேன்.

என்ஜின் ஆறிய பிறகு கவரைக் கழற்றி, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்தேன். இருப்பதிலேயே மெல்லிய தகடு, 0.05 மில்லிமீட்டர், அதுகூட நுழையவில்லை. மற்ற எக்ஸாஸ்ட் வால்வுகளும் இறுகியிருந்தன, இவ்வளவுக்கு இல்லை. எல்லாவற்றையும் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்து, மறுபடி சூடேற்றிப் பார்த்தபோது வந்தவைதான் தலைப்பில் உள்ள எண்கள். 165க்கும் 148க்கும் இடையே 17; 10 சதவீதத்துக்கு ஒரு பொட்டு மேல். 15 சதவீதம் வரை போகட்டும் என்பது நாங்கள் பழகிய கணக்கு. மிகக் குறைந்த அளவு மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போகாதிருந்தால் போதும் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. அந்தக் கணக்கின்படி 124 இருந்தாலே தேறிவிடும். நடுக்கம் நின்றது, வண்டி இழுத்தது.

அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. பழக்க தோஷத்தில், சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் லீக்டவுனும் பார்த்தேன். மூன்றாவது பிஸ்டனை மேலே நிறுத்தி, இரு வால்வுகளும் மூடிய நிலையில் பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றியதும், சைலன்சர் பக்கம் குனிந்து காது வைத்திருந்த பையன், “அண்ணா, இங்க லேசா காத்து வருதுங்க” என்றான். கசிவு 20 சதவீதத்தை ஒட்டியிருந்தது; நல்ல சிலிண்டரில் 10ஐத் தாண்டாது. அப்படியானால் வால்வின் விளிம்பு ஏற்கெனவே கொஞ்சம் வெந்திருக்கிறது, அல்லது சீட்டில் கரி ஒட்டியிருக்கிறது. கரியென்றால் ஓட ஓடச் சரியாகிவிடக்கூடும். வெந்ததென்றால் கசிவு கூடிக்கொண்டேதான் போகும். இரண்டில் எது என்பது ஹெட்டை இறக்கினால்தான் தெரியும்.

உரிமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கசிவையும் சேர்த்துத்தான். “விக்கிற வண்டிங்க, ஹெட்டை எறக்கி நான் என்ன பண்ணப் போறேன்? இப்ப ஓடுதுல்லங்க?” என்றார். அதில் என்ன தவறு? ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து சீட் வெட்டி, வால்வு மாற்றி, கேஸ்கெட் செட்டும் போடுவதற்கு ஆகும் செலவை விற்கப்போகும் வண்டியில் யார் போடுவார்கள்? ஜாப் கார்டில் கம்ப்ரஷனுக்கு ஒரே ஒரு வரிசைதான். வண்டியை ஒப்படைக்கும்போது உள்ள அளவை எழுதுவது எங்கள் வழக்கம். அதை எழுதிக் கொடுத்தேன். அந்தக் கார்டில் இருந்த எங்கள் தொலைபேசி எண்ணைப் பார்த்துத்தான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அந்த அழைப்பு வந்தது.

நான் “இருக்குதுங்க” என்றதும் அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு நொடி தயங்கிவிட்டு, “கேஸ்ல ஓடுன வண்டிங்க, டேப்பட்டை மட்டும் அப்பப்ப பாத்துக்குங்க” என்று சேர்த்துச் சொன்னேன். “சரிங்கண்ணா” என்று வைத்துவிட்டார்.

என்னை நானே விசாரித்துக்கொள்ளும்போதெல்லாம் முதல் சாட்சியாக அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நிறுத்துகிறேன். சொல்லத்தானே சொன்னேன்? தொழில் தெரிந்தவன் கேட்டிருந்தால், “ஏன், முன்னாடி டேப்பட் டைட்டா இருந்துச்சுங்களா?” என்று உடனே பிடித்திருப்பான். ஆனால் தொழில் தெரிந்தவன் என்னை ஏன் அழைக்கப் போகிறான்? கம்ப்ரஷன் சமமாக இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்கு யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த கேள்வியைச் சொல்லி அனுப்பவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டா என்பதுதான் வழக்கு.

இல்லை என்பதற்குக் காரணங்கள் வலுவாகவே இருக்கின்றன. எனக்குக் கூலி கொடுத்தவர் விற்பவர். அவர் வண்டியின் பலவீனத்தை அவருக்குத் தெரியாமல் வாங்குபவரிடம் அவிழ்த்துவிட்டால், நாளை என்னை நம்பி யார் வண்டியை விடுவார்கள்? டேப்பட் வைத்தது கண்துடைப்பு வேலையும் அன்று. காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டுத் தெர்மாமீட்டர் வைப்பதைப் போன்ற வேலை என்று ஒரு நண்பர் சொன்னார், நான் ஒப்பவில்லை. இறுகிய டேப்பட்டுக்குச் சரியான வைத்தியமே இடைவெளி வைப்பதுதான். காலத்தில் வைத்துவிட்டால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். இங்கே காலத்தில் வைத்தேனா, காலம் கடந்து வைத்தேனா என்பது எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றைச் சொல்லி ஒருவர் வியாபாரத்தைக் கெடுப்பது நியாயமா?

இவ்வளவும் வாதித்து முடித்ததும் பையனின் குரல் குறுக்கே வருகிறது. வால்வு வெந்ததா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியாதே தவிர, காற்று வந்தது தெரியும். 110 தெரியும். அவை அனுமானங்கள் அல்ல, 148 எவ்வளவு நிஜமோ அவ்வளவு நிஜமான அளவுகள். மூன்றில் விற்பவருக்கு உதவும் ஒன்றை மட்டும் தொலைபேசியில் ஒப்பித்தேன். “அதை ஓனர்கிட்டயே கேட்டுக்குங்க” என்று ஒதுங்கியிருந்தால்கூட அவர் உஷாராகியிருப்பார் என்று தோன்றுகிறது. ஆனால் அதுவும் ஒருவகையில் காட்டிக்கொடுப்பதுதானே?

வண்டி கைமாறியது. அதன் பிறகு அது எங்கள் பக்கம் வரவில்லை. நன்றாக ஓடுவதால் வராமலிருக்கலாம். பொள்ளாச்சியில் எவரோ ஹெட்டை இறக்கி, முன்பு பார்த்த மெக்கானிக்கைத் திட்டியிருக்கவும் கூடும். அழைத்துக் கேட்டால் தெரிந்துவிடும், எண் இருக்கிறது. கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அச்சடித்த ஜாப் கார்டுகளில் கம்ப்ரஷனுக்கு இரண்டு வரிசை போட்டிருக்கிறேன்: வேலைக்கு முன், வேலைக்குப் பின். கசிவுக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறேன். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டையும் நிரப்புகிறோம். விற்பதற்காக வண்டியைத் தயார்படுத்த வருபவர்களில் சிலர், பழைய பழக்கத்தின் உரிமையில், “முன்னாடி அளவெல்லாம் எதுக்குங்க, இப்ப சரியாயிருச்சே, அது கெடக்கட்டும்” என்கிறார்கள். சிலருக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறேன். சிலருக்குச் சொல்லவில்லை. யாருக்குச் சொன்னேன், யாருக்குச் சொல்லவில்லை என்று எண்ணிப் பார்த்தால் அதில் வால்வின் நிலைமைக்கு எந்தப் பங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. எத்தனை வருடமாக எங்களிடம் வண்டி விடுகிறார்கள் என்பதுதான் தெரிகிறது.