குறில், நெடில், அப்புறம் ஒரு கூட்டுப்புழு

அமெரிக்காவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, மகள் முதல் வகுப்பில் இருந்தாள். ஏப்ரலில் ஒரு வாரம், தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் அவள் வகுப்பில் உதவிக்குப் போனேன். பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பது, தாள் வெட்டிக் கொடுப்பது மாதிரி வேலைகள். புதிதாக வந்து இறங்கும் தமிழ்ப் பெற்றோருக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். "இங்கிலீஷ்னு மட்டும் எழுதுங்க, இல்லன்னா பிள்ளையத் தனியாப் பிரிச்சு வச்சிடுவாங்க" என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான் தமிழ் என்றே எழுதினேன். அவளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள், அப்புறம் ஆங்கிலத்துக்கென்று ஓர் ஆசிரியர் வாரத்தில் சில மணி நேரம் உதவத் தொடங்கினார். சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன மொழி பேசும் மாணவர்கள் தொடுத்த வழக்கில், புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டுக் கையைக் கழுவிவிட முடியாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதனால் இந்த உதவி பிள்ளைகளின் உரிமை என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது மனதில் இருந்தது ஒரே உறுத்தல்தான், வீட்டில் தமிழ் பேசியே பிள்ளையைப் பின்தங்க வைத்துவிட்டோமோ என்று.

திங்கட்கிழமை பாடம், ஒலிக்காத 'ஈ'. 'கிட்' என்ற சொல்லின் கடைசியில் ஆங்கில 'ஈ' எழுத்தைச் சேர்த்தால் 'கைட்' ஆகிவிடும், சேர்ந்த எழுத்துக்கு மட்டும் ஒலி கிடையாது. முதலில் இருப்பது ஷார்ட் வவல், பிறகு வருவது லாங் வவல் என்று டீச்சர் விளக்கினார். என் மகள் அதை 'கீட்' என்று வாசித்தாள். 'பின்' அடுத்து 'பைன்' வர வேண்டிய இடத்தில் 'பீன்' என்றாள். செவ்வாய்க்கிழமையும் அதேதான். விதியை மறந்துவிடுகிறாள் என்று டீச்சர் நினைத்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கோ சட்டென்று விளங்கிவிட்டது, அவள் எதையும் மறக்கவில்லை. வீட்டில் நான்தான் குறில், நெடில் சொல்லிக் கொடுத்திருந்தேன். இ ஒரு மாத்திரை, ஈ இரண்டு மாத்திரை, நெடில் என்றால் அதே ஒலியை நீட்ட வேண்டும். லாங் என்று கேட்டதும் பிள்ளை ஒழுங்காக நீட்டியிருக்கிறாள்!

ஆங்கிலத்தில் அந்தப் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, ஒலி வேறு எங்கோ போய்விட்டது. ஒரு காலத்தில் அவர்களும் அந்த நெடிலை 'ஈ' என்றுதான் சொன்னார்கள், 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி மெல்ல மெல்ல நகர்ந்துதான் 'ஐ' ஆனது. அறுநூறு வருடத்துக்கு முன்னால் என் மகள் வாசித்ததுதான் சரியான வாசிப்பு. இதை இடைவேளையில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் டீச்சரிடம் சொன்னேன், அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் மகளிடம் "நீட்டாதே, நடுவில் இருக்கும் 'ஐ' எழுத்தின் பெயரையே சொல்" என்றார். புதன்கிழமை கைட் கைட்டாகவே வந்தது.

கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. முதல் வகுப்பில் 120 வரை எண்ணி, பத்துகளையும் ஒன்றுகளையும் பிரிக்கத் தெரிய வேண்டும். தேர்ட்டீன் என்ற சொல்லுக்குள் பத்து இருப்பது பிள்ளைகளுக்கு எளிதில் தெரிவதில்லை, பதிமூன்றில் பத்து முன்னாலேயே நிற்கிறது. ஒரு கட்டு, மூன்று குச்சி என்று அவள் உடனே எடுத்து வைத்துவிட்டாள். (தொண்ணூறு மட்டும் இன்னும் குழப்பம்தான்.)

ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் பெயின்டட் லேடி வகைப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் ஐந்து வளர்ந்துகொண்டிருந்தன. தின்று தின்று பருத்தவை, வியாழக்கிழமை மூடியில் தலைகீழாகக் கொக்கி மாதிரி வளைந்து தொங்கத் தொடங்கின, வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் மூன்று கூட்டுப்புழு ஆகிவிட்டிருந்தன. கிரிசலிஸ் என்ற சொல் பிள்ளைகளின் வாயில் நுழையவே இல்லை. உன் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று டீச்சர் மகளைக் கேட்டார். அதுவரை வகுப்பில் வாயைத் திறந்து தமிழ்ச் சொல் ஒன்றும் சொல்லாதவள், "கூட்டுப்புழு" என்றாள். கூடு என்றால் வீடு, புழு வீட்டுக்குள்ளே இருக்கிறது, அதனால் அந்தப் பெயர் என்று ஆங்கிலத்தில் அவளே விளக்கினாள். 'ழு' எல்லோரையும் படுத்திவிட்டது, ஆனாலும் விடாமல் சொல்லிப் பார்த்தார்கள்.

பட்டாம்பூச்சி வெளியே வர இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம். அன்று மாலை, "அம்மா, குப்பியில் ஒட்ட ஒரு அட்டையில் பெயரை எழுதிக் கொடு" என்று கேட்டாள். பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு நெடில்தான் இருக்கு, கூ" என்றாள்.