டின் டூனாவை மூன்றாவது தடவை வேகவைக்காதீர்கள்

டூனா டின்னில் என் முதல் தேர்வு எண்ணெயில் போட்டது, அதிலும் ஆலிவ் எண்ணெய். தண்ணீரில் போட்டதை வாங்குபவர்களின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை, கலோரி நிஜமாகவே குறைவு, புரதத்தில் பெரிய நஷ்டமும் கிடையாது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அது வறண்டுபோய் நார் நாராகத்தான் வருகிறது. அந்த வறட்சியை மறைக்க அப்புறம் மயோனைஸைக் கரண்டி கரண்டியாகப் போடுகிறோம், மிச்சப்படுத்திய கலோரி எல்லாம் அதிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

ஏன் அவ்வளவு வறட்சி என்றால், டின் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த மீன் பெரும்பாலும் இரண்டு தடவை வெந்திருக்கும். முதலில் மீனை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, தோல், முள், கருஞ்சதை எல்லாம் நீக்கி, வெளிர்ந்த சதையை மட்டும் டின்னில் அடைத்து எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி மூடுகிறார்கள். அப்புறம் மூடிய டின்னை அப்படியே அழுத்தக் கலனில் ஏற்றி, 115 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் மறுபடி வேகவைக்கிறார்கள். இந்த இரண்டாவது வேக்காடு பாதுகாப்புக்காக. போட்டுலினம் என்ற உயிர்க்கொல்லி நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் வெறும் கொதிநீருக்குச் சாவதில்லை, அதனால்தான் அழுத்தம் தேவைப்படுகிறது. இவ்வளவையும் தாங்கி வந்த மீனை எடுத்து, வாணலியில் வெங்காயம் தக்காளியோடு கால் மணி நேரம் கிளறுகிறார்கள் பாருங்கள், எனக்கு மனசே கேட்காது. மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரமும் அதில் போய்விடும், தூள் தூளாக உதிர்ந்ததுதான் மிஞ்சும்.

சூடாக வேண்டும் என்றால் மற்றதைச் சூடாக்குங்கள். சோறோ பாஸ்தாவோ வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கடைசியாக மீனைப் போட்டு ஒரே ஒரு புரட்டு. அந்தச் சூடே போதும். சீஸ் வைத்துச் சூடாக்கும் சாண்ட்விச்சுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுப்பேன், அங்கே சூடு சீஸுக்காக.

நான் அடிக்கடி சாப்பிடும் விதத்தைச் சொல்கிறேன். வெங்காயத்தைக் காகிதம் மாதிரி மெல்லிசாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டு, அது துவண்டு காரம் இறங்கும்வரை விட்டுவைப்பேன். டின்னைத் திறந்ததும் எண்ணெயைக் கொட்டுவது கிடையாது, பாதியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொள்வேன். மீனை முள்கரண்டியால் பெரிய பெரிய துண்டாகவே பிரித்து வெங்காயத்தோடு சேர்த்து, பச்சை மிளகாய், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, வடித்த எண்ணெயிலிருந்து கொஞ்சம். மசிக்கக் கூடாது, மசித்தால் பேஸ்ட் ஆகிவிடும். இதை மொறுமொறுப்பாக வாட்டிய ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டியதில்லை. அவித்த உருளைக்கிழங்கோடும் பிரமாதமாகப் போகும், கிழங்கு ஆறுவதற்கு முன்பே எண்ணெயை அதன்மேல் விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெயைக் காப்பாற்றுவதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை, மீனின் ஒமேகா-3 கொழுப்பில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும், வடித்துக் கொட்டினால் அதுவும் சேர்ந்து போகிறது. தண்ணீரில் போட்டதை வடிக்கும்போது இந்த நஷ்டம் குறைவு, அந்த ஒரு விஷயத்தில் அதற்கு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது இனம். ‘லைட்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஸ்கிப்ஜாக், ‘ஒயிட்’ என்றால் அல்பகோர். அல்பகோர் வெளுப்பாக, கெட்டியாக, மென்மையான ருசியோடு இருக்கும், விலையும் கூட. எனக்கு ஸ்கிப்ஜாக்தான், மீன் சாப்பிடுகிறோம் என்று தெரிகிற ருசி அது. சின்ன மீன் என்பதால் பாதரசமும் குறைவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் டின்னில் வரும் லைட் டூனாவின் சராசரி, பத்து லட்சத்தில் 0.126 பங்கு, அல்பகோரில் 0.350. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அங்கே கர்ப்பிணிகளுக்கு லைட் வகையை வாரம் இரண்டு மூன்று தடவை சாப்பிடலாம் என்றும் அல்பகோரை ஒரு தடவையோடு நிறுத்தச் சொல்லியும் அறிவுறுத்துகிறார்கள். வாரத்தில் பல நாள் டூனா சாப்பிடுகிற என்னைப் போன்றவர்களுக்கும் இந்தக் கணக்கு முக்கியம்.

அல்பகோர் வாங்கியே தீருவேன் என்பவர்கள், கிடைத்தால், பச்சையாகவே டின்னில் வைத்து மூடி ஒரே தடவை வேகவைத்ததைத் தேடுங்கள். சில சிறிய நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன. உள்ளே இருக்கும் சாறு மீனிலிருந்தே வந்தது, அதையும் கொட்டாதீர்கள். ‘சாலிட்’ என்றால் பெரிய துண்டு, ‘சங்க்’ என்றால் சிறிய துண்டுகள், ‘ஃப்ளேக்’ என்றால் உதிரி. சாண்ட்விச்சில் தடவுவதற்கு உதிரி போதும், அதற்குப் போய் சாலிட் வாங்குவது வீண் செலவு. வாங்கும்போது மொத்த எடையைப் பார்க்காமல், வடித்த எடை என்று போட்டிருப்பதைப் பாருங்கள், மீன் எவ்வளவு என்பது அதில்தான் தெரியும்.

மீந்தால் டின்னோடு ஃபிரிட்ஜில் வைக்காமல் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், மூன்று நாலு நாளைக்குள் முடித்துவிடுங்கள். உப்பிய டின்னைத் திறக்கவே வேண்டாம். அப்புறம், மிளகே போடாத டூனா நாக்கில் மிளகு மாதிரிச் சுருக்கென்று கடித்தால் உடனே துப்பிவிடுங்கள். அது, மீன் கெடும்போது உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம், முகம் சிவந்து தலைவலி, அரிப்பு என்று வந்து நிற்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது, அதனால் குழம்பில் போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.