பென்சில் கேள்விக்குறி

மார்ச் 4, 2025, செவ்வாய்
படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்க்க நர்ஸ் சிஸ்டர் படிவத்தோடு வந்தார். வலி பத்துக்கு எத்தனை, தூக்கம், மலச்சிக்கல் என்று வரிசையாகக் கேட்டு எழுதியவர் கடைசிக் கட்டத்தில் தயங்கினார். ஆன்மிகத் தேவை. "ஐயா, சாமி கும்பிடுவீங்களா?" அப்பா கண்ணைத் திறக்காமலே, "இல்லன்னு போடும்மா." ஒரு கோடு போட்டார். அப்புறம் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. நான் பார்த்துவிட்டேன்.

மார்ச் 5
வலிக்கு இரவு 2 மணி மார்ஃபின் ஆயிற்று. அடுத்தது 6க்கு.

மார்ச் 6, வியாழன்
யாரைக் கேட்டுப் போட்டார் அந்தக் கேள்விக்குறியை? தேடிப் படித்தேன். 1967ல் லண்டனில் கடைசிக்கால நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகக் கிடப்பவரின் வலி உடம்போடு நிற்காது, மனசு, குடும்பம், ஆன்மா என்று எல்லாப் பக்கமும் இருக்கும் என்றவர். இந்த வலி தணிப்புப் பராமரிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் விளக்கத்திலும் ஆன்மிகம் உண்டு. (அதே 1967ல்தான் இங்கே சுயமரியாதைத் திருமணச் சட்டம் நிறைவேறியது. இரண்டு வருஷம் கழித்து அப்பா அம்மா கல்யாணம். ஐயர் கிடையாது, இரண்டு பேர் பேச்சு, மாலை, முடிந்தது.) சரி, சிலருக்கு இருக்கட்டும். எல்லாருக்கும் இருந்தே தீர வேண்டுமா? கேட்டால், வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுவதும் ஆன்மிகம், பாசமும் ஆன்மிகம் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அப்பா திராவிடர் கழக நாளிதழ் 'விடுதலை' படிப்பதும் அதில் சேர்ந்துவிடும். ஐம்பது வருஷமாக வேண்டாம் என்றவருக்கு, எழுந்திருக்க முடியாமல் போனதும் வேறு பேர் சொல்லி ஊட்டப் பார்க்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.

மார்ச் 7
கஞ்சி இறங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
சமயபுரத்தில் பூச்சொரிதல். அம்மா பூத்தட்டைத் தெருக்காரர்களிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். இனி 28 நாள் ஆத்தாளுக்குப் பச்சைப் பட்டினி. பக்தர்களுக்காக அவளே இருக்கும் விரதம்; தளிகை (சமைத்த நைவேத்தியம்) கிடையாது, நீர்மோர், பானகம், இளநீர், துள்ளு மாவுதான். அப்பாவுக்கும் நேற்றிலிருந்து இளநீரும் மோரும்தான், ஸ்பூனில். "அவளுக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு" என்றார். சிரிக்கப் போய் இருமல். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அடுப்படியில் தனியாகச் சிரித்தாள்.

மார்ச் 10
சித்தப்பா திருநீறோடு வந்தார். "இந்த நேரத்துல என்ன அண்ணி கொள்கை?" தூங்கும் அப்பாவுக்குப் பூசப் போனவரின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். "முழிச்சிருக்கும்போது கேட்டுட்டுப் பூசுங்க."
அம்மாவா இது!

மார்ச் 12, புதன்
3 மணிக்கு விழித்துக்கொண்டார். "பயமா இருக்காப்பா?" "வலிக்குது. பயம் எதுக்கு?" ரொம்ப நேரம் பேச்சில்லை. மின்விசிறி சத்தம் மட்டும். திடீரென்று 1973 டிசம்பர். பெரியார் வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கண்மூடியது, இவர் ராத்திரி பஸ் ஏறிப் போய் ராஜாஜி மண்டபத்தில் வரிசையில் நின்றது. "அன்னிக்கு அழுதேன். அது பக்தி இல்ல."
நான் அதைக் கேட்கவே இல்லை.

மார்ச் 13
சிஸ்டர். அதே படிவம். அந்தக் கேள்விக்குறியை அழித்துவிடுங்கள் என்றேன், கொஞ்சம் காட்டமாகவே. "அது ஐயாவுக்கு இல்ல மேடம். அம்மாகிட்ட கேக்கணும்னு குறிச்சு வெச்சேன்." கேட்டார். அம்மா யோசித்து, "ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும்" என்றாள்.
சிஸ்டர் அதைக் கட்டத்தில் எழுதினாரா என்று பார்க்கவில்லை.

மார்ச் 15
இளநீர் இரண்டு ஸ்பூன். 'விடுதலை' தலையங்கம் வாசித்தேன். தூங்கிவிட்டார் என்று பாதியில் மடித்தேன். "ம்... மேல" என்றார்.